பிப்ரவரியை விட்டுவிட்டு மே மாதம் எழுதலாமா?

கேள்வி: என் மகள் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கணக்கிலும் அறிவியலிலும் தடுமாறுகிறாள். இப்போது ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வு இருப்பதால், பிப்ரவரியை விட்டுவிட்டு மே மாதம் நிதானமாக எழுதட்டும் என்கிறார்கள் பயிற்சி மையத்தில். அப்படிச் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. 2026 முதல் நடைமுறைக்கு வந்த திட்டத்தில் முதல் தேர்வு எல்லோருக்கும் கட்டாயம். மே மாதத் தேர்வு, எழுதியவர்கள் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்வதற்கு. அதிலும் மூன்று பாடங்கள் வரைதான். இரண்டில் எது அதிகமோ அது நிற்கும் என்பதால் பிப்ரவரியில் எழுதுவதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

உங்கள் மகள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. முதல் தேர்வில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களை எழுதாமல் விட்டால் மே மாதம் உட்கார முடியாது. அடுத்த ஆண்டு பிப்ரவரிதான். ஐந்து பாடங்களில் இரண்டுக்கு வர முடியாமல் போனால் வழி இருக்கிறது. மூன்றாவதையும் விட்டால் வழி அடைபட்டது. எழுதித் தோற்பது வேறு, எழுதாமலே இருப்பது வேறு. வெற்றுத்தாள் கொடுத்தாலும் பரவாயில்லை, தேர்வறைக்குப் போய் உட்காரட்டும்.

இந்த யோசனையை யார் சொன்னார்கள் என்று பாருங்கள். அதே மையம் 'மே சிறப்பு வகுப்பு' என்று தனிக் கட்டணமும் கேட்டிருக்கும். விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். மே மாதத் தேர்வுக்கும் பெயர் கொடுப்பது பள்ளிதான். நாங்கள் பதிவு செய்து தருகிறோம் என்று வருபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பள்ளிக்கே வர வேண்டாம், வருகைப்பதிவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பேசுபவர் இன்னும் ஆபத்தானவர். 75 சதவீத வருகை வேண்டும். இருபது மதிப்பெண் அகமதிப்பீடு பள்ளியில், ஒரே ஒருமுறைதான் நடக்கும். மே மாதம் அதற்கு மறுவாய்ப்பு கிடையாது.

வாரியத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 2020 தேசியக் கல்விக் கொள்கை சொன்னது முதன்மைத் தேர்வு ஒன்று, விரும்பினால் மேம்பாட்டுத் தேர்வு ஒன்று. அதை 'இரண்டு பொதுத்தேர்வு' என்று ஊரெல்லாம் பேசவிட்டுவிட்டு, பிறகு சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கையாக விளக்கினால் பெற்றோர் யாரை நம்புவார்கள்? 2025இல் வந்த விதிமுறைப்படி விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும் இரண்டாம் தேர்வு முடிவுக்குப் பிறகுதான். எங்கே தவறினோம் என்று தெரியாமலே பிள்ளை மறுபடி எழுத வேண்டுமாம்.

கணக்கும் அறிவியலும் பயமென்றால், அந்த இரண்டையும் மே மாதம் மீண்டும் எழுதட்டும். முதல் தேர்வு முடிவு வந்ததும் பள்ளி அலுவலகத்தில் கடைசித் தேதியைக் கேட்டுப் பெயர் கொடுத்துவிடுங்கள். அவகாசம் குறைவாகத்தான் இருக்கும். ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.