அம்மாவின் மூட்டுத் தேய்மானத்துக்குச் செல் சிகிச்சை உதவுமா?

62 வயது அம்மாவின் முழங்கால் தேய்மானத்துக்கு ஒரே ஊசியில் குருத்தெலும்புச் செல் சிகிச்சை செய்வதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். குருத்தெலும்பு என்பது மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான திசு. இரண்டு முழங்காலிலும் முழுத் தேய்மானம் என்றால், அந்தச் சிகிச்சை பொருந்தாது. தயவுசெய்து இப்போது முன்பணம் கட்டாதீர்கள்.

1994இல் சுவீடன் மருத்துவர்கள் வெளியிட்ட அந்த முறை, அடிபட்டு ஓரிடத்தில் மட்டும் பெயர்ந்த குருத்தெலும்புக்கானது. சிறு துண்டை எடுத்து, செல்களை ஆய்வகத்தில் சில வாரம் வளர்த்து, இன்னொரு அறுவை சிகிச்சையில் குழியில் வைப்பார்கள். சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு இருந்தால்தான் அது நிலைக்கும். உங்களிடம் சொன்னது “ஒரே ஊசி, அன்றே வீடு” என்பதால், அந்த ஊசியையும் இந்த அறுவை சிகிச்சை முறையையும் யாரோ குழப்பியிருக்கிறார்கள்.

நின்றபடி எக்ஸ்ரே எடுத்தீர்களா? படுத்து எடுத்தால் மூட்டு இடைவெளி குறைந்திருப்பது சரியாகத் தெரியாது. எடுத்து வேறொரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை, அவர் சொல்வதே முடிவு. அப்புறம், தொடைத் தசைப் பயிற்சியை மட்டும் அம்மா விட்டுவிட வேண்டாம்; பலருக்கு வலி அதில் குறைகிறது.