ஸ்டெல்வியோவில் ஏற்றத்தை விடுங்கள், இறக்கத்தைக் கேளுங்கள்

கேள்வி: அடுத்த ஜூலையில் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். அதில் ஒரு நாள் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் ஸ்டெல்வியோ கணவாயில் சைக்கிள் ஓட்ட ஆசை. வயது 46, ஞாயிறுதோறும் 60, 70 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஏறிவிடுவேனா?
– கோவை வாசகர்

பதில்: தாராளமாக. முதல் அரை மணி நேரம் வீரம் காட்டாமல் இருந்தால் போதும். பிராத்தோ என்ற ஊரிலிருந்து உச்சிக்கு 24 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் 1,800 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். மணிக்கு 8 கிலோமீட்டர் என்று மாடு மாதிரி போனாலும் மூன்று மணி நேரத்தில் 2,757 மீட்டரில் நிற்பீர்கள். வாடகை சைக்கிள் எடுக்கும்போது பிராண்டைப் பார்க்காதீர்கள், பின்சக்கரத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். 32 இருந்தால் நல்லது, 28தான் இருக்கிறது என்றால் வேறு சைக்கிள் கேளுங்கள், உங்கள் முட்டி பிறகு நன்றி சொல்லும்.

கொண்டை ஊசி வளைவுகள் 48, ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கும். கீழே 48, உச்சியில் 1. வழியில் கோமகோய் என்ற ஊரைத் தாண்டித்தான் முதல் வளைவே வரும், அதற்குள் "இவ்வளவுதானா?" என்று வேகமெடுப்பவர்கள்தான் மேலே போய்ச் சைக்கிளைத் தள்ளுகிறார்கள். மரங்கள் முடிந்து ஃபிரான்சென்ஸ்ஹோஹே என்ற இடம் வந்ததும் மிச்சமிருக்கிற வளைவுகள் மொத்தமும் எதிர்ச்சுவரில் அடுக்கடுக்காகத் தெரியும். அங்கே நின்று ஏதாவது சாப்பிடுங்கள், பசி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள் போடும் சத்தத்தில் மலையே கசந்துபோகும்.

கேள்வி: இந்த வனாந்தரத்தில் இப்படி ஒரு ரோட்டை யார், எதற்குப் போட்டார்கள்?
– மதுரை வாசகி

பதில்: ஆஸ்திரியப் பேரரசு. மிலான் இருக்கும் லொம்பார்டி அப்போது அவர்கள் கையில், அதைத் தங்கள் நாட்டோடு இணைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. கார்லோ தொனேகானி என்ற பொறியாளர் 1820 முதல் 1825 வரை போட்ட சாலை. குதிரை வண்டிக்காகப் போட்டதால் சரிவு பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும், அந்தப் புண்ணியம் இன்று நம் தொடைகளுக்கு. இத்தாலியச் சுற்றுப் பந்தயமான ஜிரோ முதன்முதலில் இங்கே ஏறியது 1953இல். அன்று இத்தாலிய வீரர் ஃபௌஸ்தோ கோப்பி, சுவிஸ் வீரர் ஹியூகோ கோப்லெட்டிடமிருந்து, பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் ரோஜா நிறச் சட்டையைப் பறித்தார்.

கேள்வி: ஏறிய வழியிலேயே இறங்கிவிடலாமா? இறக்கம் சும்மா உட்கார்ந்து வருவதுதானே?
– திருச்சி வாசகர்

பதில்: அந்த "சும்மா"தான் ஆபத்து. என்னைக் கேட்டால் இந்த நாளின் கஷ்டமான பாதி இதுதான். கீழே 25 டிகிரி இருந்தால் உச்சியில் 13 டிகிரிக்குப் பக்கம்தான், அதிலும் வியர்வையில் ஊறிய சட்டையோடு மணிக்கு 45 கிலோமீட்டரில் இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்கிறதா என்பதே தெரியாது. முழு விரல் கையுறை, காற்று புகாத ஜாக்கெட், ஒரு காய்ந்த பனியன் மூன்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போங்கள். மேலே கடையில் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்துச் சூடாகத் தருவார்கள், சாப்பிடுகிறவர் சாப்பிடலாம், ஆனால் சட்டையை மாற்றிவிட்டுச் சாப்பிடுங்கள். அப்புறம் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராதீர்கள், ரிம் கொதித்துவிடும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் விட்டு, கண்ணை வளைவு முடியும் இடத்தில் வையுங்கள்.

வழி? வந்த வழியே வேண்டாம். உச்சியிலிருந்து மறுபக்கம், போர்மியோ என்ற ஊர்ப் பக்கமாகக் கொஞ்சம் இறங்கினால் உம்பிரைல் கணவாய், அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் சாந்தா மரியா, பிறகு பள்ளத்தாக்கோடு மதில் சூழ்ந்த குட்டி ஊரான குளோரென்சா, அதைத் தாண்டினால் பிராத்தோ. மொத்தச் சுற்றே 60 கிலோமீட்டர் சொச்சம்தான். நடுவில் நாடு மாறுவதால் பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.