ஆப்பிள் ஃப்ரிட்டர் வீட்டில் கடை மாதிரி வருமா? கேள்வியும் பதிலும்

ஆப்பிள் ஃப்ரிட்டர், அதாவது ஆப்பிள் துண்டு சேர்த்த மாவை எண்ணெயில் பொரித்து, மேலே க்ளேஸ் என்னும் சர்க்கரைப் பூச்சு கொடுக்கும் பலகாரம். அதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறீர்கள். டொரான்டோ பக்கம் இருப்பவர்கள் காபிக் கடையில் சாப்பிட்டுப் பழகியவர்கள், ஊரில் இருப்பவர்கள் வீடியோவில் பார்த்து ஆசைப்பட்டவர்கள், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பாதிக் கேள்விகளுக்குக் காரணம் ஒன்றுதான், ஆப்பிளில் இருக்கும் தண்ணீர். அதை எங்கே வடிக்கிறோம், எப்போது வற்ற வைக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சாதாரணமாகப் பொரிக்கும் வேலை.

ஸ்கார்பரோவிலிருந்து: அக்கா, நான் செய்தால் உருண்டையாக, போண்டா மாதிரி வருகிறது. கடையில் வாங்குவது மேடும் பள்ளமுமாக, ஓரமெல்லாம் முறுகலாக இருக்கிறதே, அது எப்படி?

நீங்கள் செய்வது கரைசல் மாவு, கடையில் செய்வது பிசைந்த ஈஸ்ட் மாவு. எவ்வளவு கெட்டியாகக் கரைத்தாலும் கரைசலில் அந்த உருவம் வராது. பேக்கிங் பவுடரை மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு முறையையே மாற்றுங்கள்.

400 கிராம் மைதா (உங்கள் ஊரில் ஆல் பர்ப்பஸ்), 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 50 கிராம் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு முட்டை, வெதுவெதுப்பான பால் 200 மில்லி. பாலில் இரண்டு டேபிள்ஸ்பூன் எடுத்து வைத்துக்கொண்டு மாவின் பதம் பார்த்துச் சேருங்கள், ஒவ்வொரு மைதாவும் ஒவ்வொரு மாதிரி குடிக்கும். சேர்ந்து வந்ததும் 50 கிராம் மெத்தென்ற வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மாவு கையில் ஒட்டாமல் வழவழவென்று ஆகும்வரை பிசையுங்கள். மூடி வைத்தால் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் இரு மடங்காகும். குளிர்காலத்தில் ஓவனை மூட்டாமல் உள்ளே விளக்கை மட்டும் போட்டு அதில் வையுங்கள்.

மாவு பொங்குகிற நேரத்தில் ஆப்பிள். மூன்று நடுத்தரப் பழத்தைத் தோல் சீவி ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 25 கிராம் வெண்ணெய், 50 கிராம் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, ஒன்றரை டீஸ்பூன் பட்டைத்தூள் போட்டு வதக்குங்கள். முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு சளசளவென்று கிடக்கும், பயப்பட வேண்டாம். அந்தச் சாறு பாகாகி, கரண்டியால் தள்ளினால் வாணலியின் அடி காய்ந்து தெரிய வேண்டும். துண்டு குழையக் கூடாது. அப்புறம் நன்றாக ஆற வேண்டும், சூடாகச் சேர்த்தால் மாவிலுள்ள வெண்ணெய் உருகிக் கூழாகிவிடும்.

இனிதான் அந்த மேடு பள்ளம். மாவைச் செவ்வகமாகத் தட்டி, பாதிப் பரப்பில் ஆப்பிளைப் பரப்பி, மேலே ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவைத் தூவி மூடுங்கள். இப்போது கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாகக் கொத்துங்கள். கொத்துப் பரோட்டா போடுபவர் மாதிரி தயங்காமல் கொத்த வேண்டும். பலகை முழுக்க மாவும் ஆப்பிளும் சிதறிக் கிடக்கும், பார்க்கவே பயமாக இருக்கும், அதுதான் சரியான பதம். எல்லாவற்றையும் அள்ளிக் கையால் அமுக்கி ஒரு கட்டையாகச் சேர்த்து, பன்னிரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவுக்குத் தட்டையாக அமுக்குங்கள். தூவிய மைதா மிச்சச் சாற்றை இழுத்துத் துண்டுகளை ஒட்ட வைக்கும். வெட்டுப்பட்ட முனைகள்தான் எண்ணெயில் முறுகி நிற்கும், இடையில் உள்ள பள்ளத்தில் க்ளேஸ் தேங்கும்.

ஒவ்வொன்றையும் தனித்தனிச் சதுரப் பார்ச்மென்ட் தாளில் (ஒட்டாத பேக்கிங் தாள்) வைத்து இன்னொரு 30–40 நிமிடம் பொங்க விடுங்கள். பொரிக்கும்போது தாளோடு எண்ணெயில் இறக்குங்கள். சில நொடியில் தாள் தானே கழன்று வரும், இடுக்கியால் எடுத்துவிடலாம். கையால் தூக்கிப் போட்டால் பொங்கிய காற்றெல்லாம் இறங்கிவிடும்.

மதுரையிலிருந்து: இவ்வளவு வேலை நமக்கு ஆகாது அக்கா. சாயங்காலம் அரை மணி நேரத்தில் முடிகிற மாதிரி சொல்லுங்கள்.

அப்படியானால் கரைசல்தான், அதுவும் நன்றாகவே இருக்கும், வேறு பண்டம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். மைதா 190 கிராம், சர்க்கரை 50 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன். இன்னொரு பாத்திரத்தில் இரண்டு முட்டை, 80 மில்லி பால், இரண்டு டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய். இரண்டையும் சேர்த்து மாவு நனைந்தால் போதும் என்று நிறுத்திவிடுங்கள், அடித்துக்கொண்டே இருந்தால் ரப்பராகிவிடும். இரண்டு பெரிய ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, துணியில் ஒற்றி, கடைசியாகப் போடுங்கள். சர்க்கரையை ஆப்பிளில் முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள், சர்க்கரை பட்டதும் பழம் தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். கரண்டியால் எடுத்து எண்ணெயில் விட்டவுடன் கரண்டியின் முதுகால் லேசாகத் தட்டிப் பரப்பிவிட்டால் போண்டா ஆகாது.

சென்னையிலிருந்து: எந்த ஆப்பிள் வாங்குவது? பச்சை ஆப்பிள்தான் வேண்டும் என்கிறார்களே, விலை அதிகம்.

பச்சை ஆப்பிள், அதாவது கிரானி ஸ்மித், கெட்டி, புளிப்பு, வேகும்போது உருவம் கலையாது. க்ளேஸின் இனிப்புக்கு அந்தப் புளிப்பு நல்ல ஈடு. ஆனால் கட்டாயமில்லை. சிம்லா ஆப்பிள் என்று விற்கும் டெலிஷியஸ் வகை சிவப்புப் பழம் போதும். அதில் புளிப்பு குறைவு, பழுத்துவிட்டால் மாவாக இருக்கும், அதனால் அமுக்கினால் உள்வாங்காத கெட்டியான பழமாகப் பொறுக்கி, சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்து, எலுமிச்சைச் சாற்றைக் கூட்டுங்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மக்கின்டாஷ் ஒன்டாரியோவில் பிறந்த பழம், அப்படியே கடித்துத் தின்ன அருமை, வாணலியில் போட்டால் கூழாகிவிடும். ஃப்ரிட்டருக்கு வேண்டாம். ஹனிகிரிஸ்ப் தாராளமாக எடுக்கலாம்.

பிராம்ப்டனிலிருந்து: வெளியே கறுத்துவிடுகிறது, உள்ளே பச்சை மாவு. அடுப்பைக் குறைத்தால் எண்ணெய் குடிக்கிறது. என்னதான் செய்வது?

ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். வேறு எந்தக் கருவியும் இந்தப் பலகாரத்துக்கு அவசியம் என்று சொல்ல மாட்டேன், இதை மட்டும் சொல்வேன். எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ், அதாவது 350 ஃபாரன்ஹீட்டில் இருக்க வேண்டும். மாவிலும் ஆப்பிளிலும் சர்க்கரை இருப்பதால் 190-ஐத் தாண்டினால் நிறம் சட்டென்று ஏறிவிடும், உள்ளே சூடு போய்ச் சேர நேரமே இருக்காது. 160-க்குக் கீழே போனால் மேல்தோல் இறுக நேரமாகும், ஊறிக்கொண்டே கிடக்கும். ஒரே நேரத்தில் ஐந்தாறு போட்டால் சூடு இறங்கத்தான் செய்யும், அதனால் இரண்டு மூன்றாகப் போடுங்கள், எடுத்தபின் எண்ணெய் மறுபடி காயும்வரை பொறுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம், பெரிதாக இருந்தால் இரண்டரை.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் மரக்கரண்டியின் காம்பை எண்ணெயில் விடுங்கள், சுற்றிலும் சின்னச் சின்னக் குமிழி விடாமல் வந்தால் சரி. கொதிப்பது போல் ஆவேசமாக வந்தால் அதிகம்.

இன்னொன்று, தடிமன். நடுவில் மேடாக விட்டால் அங்கே வேகாது. நடுவை அழுத்தி ஓரத்தைவிட மெல்லியதாக்குங்கள். முதலில் எடுத்ததைப் பிட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் போடுங்கள், ஒன்று போனால் போகட்டும்.

கோவையிலிருந்து: க்ளேஸ் ஊற்றினால் எல்லாம் வழிந்து தட்டில்தான் கிடக்கிறது. சில நாள் கட்டிகட்டியாக இருக்கிறது. வெள்ளைக் கண்ணாடி மாதிரி வரவேண்டும்.

300 கிராம் ஐசிங் சர்க்கரையைச் சலியுங்கள். கட்டி வருவது சலிக்காததால்தான், அடித்துக் கரைத்துவிடலாம் என்று நினைத்தால் கை வலிதான் மிச்சம். நான்கு டேபிள்ஸ்பூன் பால், கொஞ்சம் வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. கரண்டியைத் தூக்கினால் நாடாவாக விழுந்து, விழுந்த தடம் ஐந்தாறு நொடியில் மறைய வேண்டும். உடனே மறைந்தால் தண்ணி, மறையவே இல்லை என்றால் கெட்டி. வீட்டுச் சர்க்கரையை மிக்ஸியில் அரைத்தும் செய்யலாம், ஆனால் எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் லேசாக நறநறக்கும். கடை ஐசிங் சர்க்கரையில் சோளமாவும் கொஞ்சம் கலந்திருக்கும், அது காய்வதற்கு உதவி.

வழிகிற பிரச்சினைக்கு நேரம்தான் மருந்து. எண்ணெயிலிருந்து எடுத்து ஒரு நிமிடம் வடியவிட்டு, கை பொறுக்கும் சூட்டிலேயே க்ளேஸில் முக்கி, திருப்பி, கம்பி ராக்கில் வையுங்கள். அந்தச் சூட்டில் க்ளேஸ் இளகி மெல்லிய படலமாகப் பரவும், ஆறும்போது நீர் ஆவியாகி இறுகும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் விரலால் தொட்டால் ஒட்டாது, பிட்டால் மெலிதாக உடையும். ஆறியபின் ஊற்றினால் தடித்து, வெள்ளையாக, பிசுபிசுவென்று நிற்கும். தட்டில் வைத்து ஊற்றவே கூடாது, அடிப்பாகம் க்ளேஸிலேயே ஊறி நமத்துப்போகும். ராக்குக்குக் கீழே ஒரு தட்டு வைத்தால் சொட்டுவதை அள்ளி மறுபடி பயன்படுத்தலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து: எங்களிடம் நல்ல கறுவா (பட்டை) இருக்கிறது. அதைப் போடலாமா? அளவு அதேதானா?

தாராளமாகப் போடுங்கள். வட அமெரிக்காவில் பட்டை என்று விற்பதில் பெரும்பாலானது காசியா வகை, காரம் தூக்கலாக இருக்கும். இலங்கைக் கறுவா மென்மையானது, வாசனை மேலோங்கும். அளவைக் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஈஸ்ட் மாவு செய்வதாக இருந்தால் கறுவாவை மாவில் போடாமல் ஆப்பிளில் மட்டும் போடுங்கள், கறுவாவின் எண்ணெய்ச் சத்து ஈஸ்டை மந்தமாக்கும், மாவு பொங்கத் தாமதமாகும்.

திருச்சியிலிருந்து: முட்டை இல்லாமல்?

கரைசல் முறையில் இரண்டு முட்டைக்குப் பதில் அரை கப் புளிக்காத கெட்டித் தயிர், பாலைப் பாதியாக்குங்கள், கால் டீஸ்பூன் சமையல் சோடா சேருங்கள். ஈஸ்ட் முறையில் முட்டையை விட்டுவிட்டு மூன்று டேபிள்ஸ்பூன் பால் கூட்டினால் போதும், நிறம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும்.

நியூ ஜெர்சியிலிருந்து: ஏர் ஃப்ரையரில் செய்தால் எப்படி? பொரித்தால் வீடு முழுக்க மணம், புகை அலாரம் வேறு அலறுகிறது.

கரைசல் முறை ஏர் ஃப்ரையரில் சரிப்படாது, கம்பி வழியே ஒழுகும். ஈஸ்ட் முறையில், தாள் போட்டு, மேலே வெண்ணெய் தடவி 175 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் நல்ல ஆப்பிள் பன் கிடைக்கும். பன் என்றுதான் சொல்வேன். எண்ணெயில் முறுகுகிற ஓரம் அதில் வராது. அலாரம் அலறுவது பெரும்பாலும் எண்ணெய் மிதமிஞ்சிக் காய்ந்ததால். 175-ல் நல்ல ரீஃபைன்ட் எண்ணெய் புகையாது. அடி கனமான ஆழமான பாத்திரத்தில் பாதிக்கும் குறைவாக எண்ணெய் ஊற்றுங்கள், மூடியைப் பக்கத்திலேயே வையுங்கள். தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

சேலத்திலிருந்து: நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்?

வேண்டாம், இரண்டின் வாசனையும் ஆப்பிளை அமுக்கிவிடும். ரீஃபைன்ட் சூரியகாந்தி அல்லது ரீஃபைன்ட் கடலை எண்ணெய். பொரித்த எண்ணெயில் சர்க்கரைத் துணுக்குகள் கருகிக் கிடக்கும், ஆறியதும் துணியில் வடிகட்டினால் இன்னொரு தடவை பொரிக்கலாம். அதற்குமேல் இழுக்காதீர்கள்.

மிசிசாகாவிலிருந்து: இந்தப் பலகாரம் கனடாவுடையதா, அமெரிக்காவுடையதா? வீட்டில் ஒரே சண்டை.

இரண்டு பேரையும் உட்காரச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையற்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த குறிப்புகளிலேயே மாவு, முட்டை, ஏல் (ஒரு வகை பீர்), ஈஸ்ட், குங்குமப்பூ கலந்த கரைசலில் ஆப்பிளைத் தோய்த்துப் பொரிக்கும் முறை இருக்கிறது. நெதர்லாந்தில் புத்தாண்டுக்கு முந்தின இரவு ஆப்பிள் வளையங்களை மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள், ஜெர்மனியிலும் அதே வகைப் பண்டம் உண்டு, மேலே பட்டைச் சர்க்கரை தூவுவார்கள். க்ளேஸ் பூசிய கொத்து உருவம் வட அமெரிக்க டோனட் கடைகளில் வளர்ந்தது. கனடாக் கட்சிக்கு ஒரு வாதம் தருகிறேன்: 1964-ல் ஒன்டாரியோவின் ஹாமில்டனில் டிம் ஹார்ட்டன்ஸ் என்ற காபி, டோனட் நிறுவனம் முதல் கடை திறந்தபோது அவர்களே உருவாக்கியதாகச் சொல்லும் இரண்டு டோனட்களில் ஒன்று ஆப்பிள் ஃப்ரிட்டர், இன்னொன்று டச்சி.

பெங்களூரிலிருந்து: முந்தின நாளே செய்து வைக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு இருபது பேர் வருகிறார்கள்.

பொரித்து வைக்காதீர்கள். இது அன்றே சாப்பிடுகிற பண்டம். ஃப்ரிட்ஜில் வைத்தால் க்ளேஸ் ஈரம் இழுத்துப் பாகாக வடியும், மாவும் விறைத்துப்போகும். சனிக்கிழமை இரவு மாவைப் பிசைந்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், அங்கேயே மெதுவாகப் பொங்கும், ருசியும் கூடும். ஆப்பிளையும் வதக்கி வைத்துவிடலாம். காலையில் கொத்தி, உருவம் செய்து, பொங்க விட்டுப் பொரிக்க வேண்டியதுதான், குளிர்ந்த மாவு என்பதால் பொங்க ஒரு மணி நேரமாவது ஆகும். இருபது பேருக்கு மேலே சொன்ன அளவை இரண்டு மடங்காக்குங்கள், இருபத்து நான்கு வரும். மிஞ்சினால் க்ளேஸ் போடாததை மட்டும் ஃப்ரீசரில் வைத்து, பிறகு ஓவனில் சூடாக்கி அப்போது க்ளேஸில் முக்குங்கள்.

கோவையிலிருந்து மறுபடியும்: ரொம்ப இனிப்பாக இருக்கிறது என்று மாமியார் சொல்கிறார்.

அவர் சொல்வது சரி. க்ளேஸில் பாலில் பாதியைக் குறைத்து அந்த அளவுக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள், உப்பை இன்னும் ஒரு சிட்டிகை கூட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் முக்குங்கள். அவருக்கு ஒன்றை க்ளேஸே இல்லாமல், சூடாக, டீயோடு கொடுத்துப் பாருங்கள்.