தூக்கம் வரவில்லை, பிழைதான் வருகிறது

கேள்வி: நான் மூதூர், வயது 19. திருகோணமலையில் கட்டட நிர்மாணம் படிக்கிறேன். காலை 5 மணிக்கு எழும்பினால்தான் பஸ் பிடிக்கலாம். வரைபட வேலை, அப்புறம் போன் என்று படுக்க 1 மணியாகிவிடும். பகலில் தூக்கம் வருவதில்லை, ஆனால் அளவுகள் பிழைக்கின்றன. போன கிழமை தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களின் இடைவெளியை 150 மில்லிமீற்றருக்குப் பதிலாக 200 என்று குறித்துவிட்டேன். ஞாயிறு மதியம் வரை படுத்து ஈடுசெய்கிறேனே, போதாதா?

பதில்: போதாது தம்பி. உங்கள் வயதுக்கு 7 மணித்தியாலமாவது வேண்டும், நீங்கள் தூங்குவது 4. ஞாயிறு மதியம் வரை படுத்தால் அன்றிரவு தூக்கம் இன்னும் பிந்தும், திங்கள் காலை சைட்டில்தான் அது தெரியும்.

‘தூக்கம் வருவதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பயம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், 2 கிழமை தொடர்ந்து 6 மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம் இரவிரவாக விழித்திருந்தவர்களுடையதைப் போல மழுங்கிப்போயிருந்தது, ஆனால் அவர்களைக் கேட்டால் பெரிதாகத் தூக்கம் இல்லை என்றுதான் சொன்னார்கள்.

எனக்கும் நடந்தது. பயிற்சிக் காலத்தில் உப்புவெளிப் பக்கம் ஒரு சைட், மதியச் சாப்பாடு முடிந்து, உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டிய சாரத்தில் நின்று, சுவர் நேரா என்று பார்க்க நூலில் தூக்குக்குண்டு விடுகிறேன், நூல் ஆடி ஆடி அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்துத் தெரிந்தது, நூல் விரலில் இல்லை, கீழே மணல் அரித்துக்கொண்டிருந்த அண்ணா என்னைப் பார்த்துக் கத்துகிறார். குண்டு அவருக்கு ஒரு சாண் தள்ளி மணலில் புதைந்து கிடந்தது. கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடி தூங்கிவிடும், ஆளுக்குத் தெரியாது.

சரி, 5 மணிக்கு எழும்ப வேண்டுமென்றால் 10 மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். வரைபடத்தை வீட்டுக்கு வந்ததும் முடியுங்கள், போன் வேறு அறையில் சார்ஜில் கிடக்கட்டும். பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம், அதிலுள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணித்தியாலம் எடுக்கும். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இரவிலும் வீடு கொதிக்கும், படுக்க ஒரு மணித்தியாலம் முன்பு குளியுங்கள். பஸ்ஸில் இருக்கை கிடைத்தால் 20 நிமிடம் கண்ணயரலாம்.

ஏதோ காரணத்தால் ஓரிரவு தூக்கம் கெட்டுவிட்டதா, வெட்கப்படாமல் பாஸிடம் போய், “இன்றைக்கு மேலே ஏறவில்லை, கீழே வேலை தாங்கோ” என்று கேளுங்கள்.