காலேஜ் கிரவுண்டில் கால்பந்து லீக்: வாசகர் கேள்வி பதில்

துறை அணிகளுக்கு இடையே கால்பந்துப் போட்டி நடத்தப்போகிற தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். சர்வதேச விதி எது, கல்லூரி தன் வசதிக்கு வைத்துக்கொள்வது எது என்பதைப் பிரித்தே சொல்லியிருக்கிறோம். சண்டை வருவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

எட்டுத் துறை அணிகள், ஒரே கிரவுண்ட். பாதிப் பேர் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பஸ்ஸைப் பிடிக்க ஐந்தே காலுக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்று வாரத்தில் லீக்கை முடிக்க முடியுமா?
– விளையாட்டுச் செயலர், தருமபுரி

எல்லாரும் எல்லாரோடும் ஆடினால் 28 ஆட்டம் (8 × 7 ÷ 2). பாதிக்கு 20 நிமிடம், இடைவேளை 5 நிமிடம் என்று வைத்தால் ஓர் ஆட்டத்துக்கு 45 நிமிடம். அடுத்த அணிகள் இறங்கப் பத்து நிமிடம். 3:30-க்கு முதல் ஆட்டம், 4:25-க்கு இரண்டாவது, 5:10-க்கு முடிந்துவிடும். நாளைக்கு இரண்டு வீதம் 14 நாள், இறுதிப் போட்டிக்கு ஒரு நாள். ஐந்து வேலை நாள் கொண்ட மூன்று வாரம் சரியாக 15 நாள்தான். ஒரு நாள் மழை பெய்தாலோ, ஒரு நாள் ஹாலில் விழா வந்து எல்லாரையும் உட்கார வைத்தாலோ அட்டவணை காலி.

நான்கு நான்காக இரண்டு பிரிவு போடுங்கள். பிரிவுக்கு 6 ஆட்டம், இரண்டுக்கும் 12. அரையிறுதி 2, இறுதி 1. மொத்தம் 15 ஆட்டம், எட்டே நாள். சீட்டுக் குலுக்கி அணிகளுக்கு 1 முதல் 4 வரை எண் கொடுத்துவிட்டால் சுற்றுகள் இப்படி அமையும்: முதல் சுற்றில் 1–4, 2–3, அடுத்து 1–3, 4–2, கடைசியில் 1–2, 3–4.

கடைசிச் சுற்றின் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் ஹிஹோன் நகரத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடியபோது, பிரிவின் மற்ற ஆட்டம் முந்தைய நாளே முடிந்திருந்தது. ஜெர்மனி 1–0 என ஜெயித்தால் இரண்டு அணிக்குமே அடுத்த சுற்று நிச்சயம், அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் கோல் விழுந்தது. மீதி நேரம் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார்கள். 1986 முதல் உலகக் கோப்பையில் கடைசிச் சுற்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். உலகக் கோப்பைக்கே வந்த வினை, பக்கத்து பெஞ்சு நண்பர்கள் ஆடும் லீக்குக்கு வராதா?

ஒரே கிரவுண்டில் இரண்டு ஆட்டம் எப்படி என்றால், அணிக்குப் பதினொரு பேர் என்பதை விட்டு ஏழு பேர் ஆட்டத்துக்கு வாருங்கள். 100 மீட்டர் நீளமும் 64 மீட்டர் அகலமும் உள்ள மைதானத்தின் குறுக்கே 60 × 40 மீட்டரில் இரண்டு களம் போடலாம். அகலவாக்கில் இரு புறமும் இரண்டிரண்டு மீட்டர்தான் மிஞ்சும் என்பதால் அங்கே பைக் நிறுத்த விடக்கூடாது. நீளவாக்கில் மிஞ்சுகிற 20 மீட்டரில் பாதியை இரண்டு களத்துக்கும் நடுவே விடுங்கள். கோல் 16 அடி அகலம், 7 அடி உயரம் போதும். 12 பேர் சேர்வதே கஷ்டமான சின்னத் துறைக்கும் அணி கிடைக்கும்.

கோடு போட்டால் களம் எப்போதும் கோணலாகிறது. சுண்ணாம்பு பறந்து கண் எரிகிறது என்கிறார்கள்.
– இரண்டாமாண்டு மாணவர், பர்கூர்

கோணலுக்குக் காரணம், மூலையைக் கண்ணால் பார்த்துத் திருப்புவது. ஒரு கயிற்றில் 9 மீட்டர், 12 மீட்டர், 15 மீட்டர் என மூன்று முடிச்சுப் பகுதி எடுத்து முக்கோணமாக இழுத்தால், 9-ம் 12-ம் சேரும் மூலை கச்சிதமான செங்கோணம். நான்கு மூலையிலும் முளை அடித்தபின் குறுக்காக இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். 60 × 40 களத்துக்கு இரண்டும் 72.1 மீட்டர் வர வேண்டும். ஒன்று 71, இன்னொன்று 73 என்று வந்தால் முளையை நகர்த்துங்கள். கோடு போட்ட பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை. நைலான் கயிறு இழுத்தால் நீளும். சணல் கயிறோ கொத்தனார் டேப்போ நல்லது.

சுண்ணாம்பை, சுட்டதானாலும் நீற்றியதானாலும், கிரவுண்ட் பக்கமே கொண்டுவர வேண்டாம். வியர்வை பட்டால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. விழுந்துவிட்டால் குறைந்தது இருபது நிமிடம் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரி. சாக் பவுடரோ, கடையில் மூட்டையாகக் கிடைக்கும் வெள்ளைக் கோலமாவோ போதும். உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் வெள்ளை பளிச்சென்று தெரியும். மண்ணை முதலில் லேசாக நனைத்துவிட்டுத் தூவினால் காற்றில் போகாது. கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது.

கோடும் களத்தின் பகுதிதான். பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே; பந்தின் ஒரு ஓரம் கோட்டுக்கு மேலே நின்றாலும் ஆட்டம் தொடரும், கோலும் அப்படியே.

இன்னொன்று: கழற்றி மாட்டும் இரும்பு கோல் போஸ்ட் என்றால் பின்சட்டத்தில் மணல் மூட்டை ஏற்றி, தரையிலும் முளையடித்துக் கட்டுங்கள். குறுக்குக் கம்பத்தில் தொங்கி விளையாடும்போது போஸ்ட் முன்னால் சாய்ந்து விழுந்து உயிர்ச் சேதமே ஆகியிருக்கிறது. தொங்கினால் மஞ்சள் அட்டை என்று விதியில் எழுதுங்கள்.

மூன்று அணிகள் ஆறு ஆறு புள்ளியில் நின்றால் யாரை அரையிறுதிக்கு அனுப்புவது? போன வருடம் இதில்தான் கைகலப்பு.
– உடற்கல்வித் துறை உதவியாளர், கிருஷ்ணகிரி

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்த் துறை வணிகவியலை 1–0 ஜெயிக்கிறது. வணிகவியல் கணிதத்தை 2–1. கணிதம் தமிழை 3–2. நான்காவது அணியான வேதியியல் எல்லாரிடமும் தோற்கிறது: தமிழிடம் 0–1, கணிதத்திடம் 0–2, வணிகவியலிடம் 0–6. வெற்றிக்கு 3 புள்ளி வீதம் மூன்று அணியும் 6.

மொத்த கோல் வித்தியாசத்தை (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) பார்த்தால் வணிகவியல் +6, கணிதம் +2, தமிழ் +1. தமிழ் வெளியே. தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டும் பார்த்தால் மூன்றுக்கும் 3 புள்ளி, மூன்றுக்கும் வித்தியாசம் பூஜ்யம். போட்ட கோல்தான் பிரிக்கும்: கணிதம் 4, தமிழ் 3, வணிகவியல் 2. இப்போது வெளியே போவது வணிகவியல். ஆட்டம் அதேதான். விதி மாறினால் ஆள் மாறுகிறது. ஆட்டம் முடிந்த பிறகு எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு துறை உங்களை அடிக்கத்தான் வரும்.

எங்கள் யோசனை, தங்களுக்குள் ஆடியதை முதலில் பார்ப்பது. பலவீனமான அணியைப் போட்டு மிதித்து ஆறு கோல் அடிப்பதற்குப் பரிசு கொடுக்கத் தேவையில்லை. அந்த ஆறாவது கோலை வாங்கும் கோல்கீப்பர் அடுத்த வருடம் பெயர் கொடுக்க மாட்டான். வரிசை இப்படி: தங்களுக்குள் எடுத்த புள்ளி, அதில் கோல் வித்தியாசம், அதில் போட்ட கோல், அப்புறம் மொத்த கோல் வித்தியாசம், மொத்த கோல், அதற்கும் பிறகு ஒழுங்குப் புள்ளி. மஞ்சளுக்கு 1, இரண்டாவது மஞ்சளால் வந்த சிவப்புக்கு 3, நேரடிச் சிவப்புக்கு 4 கழிக்கலாம். 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமமாக நிற்க, மஞ்சள் அட்டை குறைவாக வாங்கிய ஜப்பான்தான் முன்னேறியது. அதிலும் சமம் என்றால் குலுக்கல்.

எங்கள் துறையில் ஐந்து பேர் கல்லூரி அணியில் ஆடுகிறவர்கள். அவர்களை இறக்கக்கூடாது என்கிறார்கள். இது நியாயமா?
– அணித் தலைவர், ஊத்தங்கரை

இதற்குச் சர்வதேச விதி எதுவும் கிடையாது. முழுக்கத் தடை செய்வது அநியாயம். ஐந்து பேரையும் இறக்கினால் லீக்கே ஒருதலைப்பட்சம். பட்டியலில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் மட்டும் என்று வையுங்கள். மாற்று ஆட்டக்காரர் வெளியே போய்த் திரும்பி வரலாம் என்ற சலுகையை அடிமட்ட அளவிலான போட்டிகளுக்குச் சர்வதேச விதியே அனுமதிக்கிறது. அதனால் ஐந்து பேரையும் சுழற்சியில் ஆட வைக்கலாம். ஆட்டம் நின்றிருக்கும்போது, நடுவரிடம் சொல்லி, போகிறவர் வெளியே வந்த பிறகு, நடுக்கோட்டு வழியாக உள்ளே. முண்டியடித்து எட்டுப் பேர் களத்தில் நிற்பது இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லாததால்தான்.

பஸ் லேட், ஆள் வரவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது?
– மாணவி, காவேரிப்பட்டினம்

பதினொரு பேர் ஆட்டத்தில் ஓர் அணியில் ஏழு பேருக்குக் கீழ் இருந்தால் ஆட்டம் தொடங்கவோ தொடரவோ கூடாது. ஏழு பேர் ஆட்டத்துக்கு ஐந்து என்று நீங்கள் வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் பொறுங்கள், பிறகு எதிரணிக்கு 3–0 வெற்றி. அந்தப் பத்து நிமிடத்தை முதல் பாதியில் கழித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆட்டக்காரர்கள் பஸ்ஸை விடுவார்கள்.

கையில் காப்பு, சாமிக் கயிறு. வெறுங்காலில்தான் நன்றாக ஆடுவேன். விடுவார்களா?
– முதலாமாண்டு மாணவர், தேன்கனிக்கோட்டை

வெறுங்கால் கூடாது. காப்பு, மோதிரம், கடுக்கன், ரப்பர் பேண்ட் எல்லாம் கழற்ற வேண்டும். மேலே டேப் ஒட்டி மறைப்பதையும் விதி ஏற்பதில்லை. உலோகம் எதுவும் கோக்காத வெறும் நூல் கயிறு யாரையும் கிழிக்காது என்பதால் அதை நடுவர் விட்டுவிடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம். மூக்குக் கண்ணாடியில் விளையாட்டுக்கென்றே வருவது பரவாயில்லை. ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன் எலும்பைக் காக்கும் தடுப்பு) கட்டாயம், அதன்மேல் ஸ்டாக்கிங்ஸ் ஏறியிருக்க வேண்டும். நோட்டு அட்டையை வெட்டிச் செருகுவது ஷின் கார்டு ஆகாது. ஒரு களத்துக்கு 14 ஜோடி கல்லூரியே வாங்கி வைத்து மாறி மாறிக் கொடுத்தால் செலவு மிச்சம். சரளைத் தரையில் உலோக ஸ்பைக் வழுக்கும், கணுக்காலையும் பிசக்கும்; குட்டை ரப்பர் ஸ்டட் உள்ள ஷூ வாங்குங்கள். பந்து ஐந்தாம் எண், 410 முதல் 450 கிராம். காற்று 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம் என்றாலும், கெட்டித் தரையில் 9-ஐ ஒட்டி வைத்தால் தலைக்கு மேல் துள்ளாது.

த்ரோ-இன்னில் ஆஃப்சைடு உண்டா? கோல்கீப்பர் எவ்வளவு நேரம் பந்தைப் பிடித்திருக்கலாம்?
– பார்வையாளர், பாலக்கோடு

த்ரோ-இன், கோல் கிக், கார்னர் மூன்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு (பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டிக் கோல் பக்கம் நின்று ஆடும் குற்றம்) கிடையாது. கோட்டு நடுவர் இல்லாத ஏழு பேர் ஆட்டத்தில் ஆஃப்சைடையே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். ஒற்றை நடுவர் நடுவில் ஓடிக்கொண்டு அதைச் சரியாகப் பார்க்கவே முடியாது.

கோல்கீப்பருக்கு இப்போது எட்டு விநாடி. 2025-இல் மாறிய விதி இது. கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி விரல் விட்டு எண்ணுவார். தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். பழைய ஆறு விநாடியும் மறைமுக ஃப்ரீ கிக்கும் (இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகும் உதை) போய்விட்டது. சக வீரர் வேண்டுமென்றே காலால் தள்ளிக் கொடுத்ததையும், த்ரோ-இன்னில் நேராக எறிந்ததையும் கையில் எடுத்தால் இன்றும் மறைமுக ஃப்ரீ கிக்தான். தலையால் கொடுத்தால் எடுக்கலாம்.

நடுவரைத் திட்டினால் சிவப்பு அட்டை காட்டி அனுப்புவதா? பாடம் நடத்தும் சார்தான் நடுவர்.
– விளையாட்டுச் செயலர், ஓசூர்

ஏசினால், அவமானப்படுத்தினால் சிவப்பு. அணி ஒரு ஆள் குறைவாகவே ஆட வேண்டும், அந்த ஆளுக்கு அடுத்த ஆட்டமும் இல்லை. வாக்குவாதம் மட்டும் என்றால் தற்காலிக வெளியேற்றம் நல்ல மருந்து. மொத்த ஆட்ட நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் என்று விதி சொல்கிறது. உங்கள் 40 நிமிடத்துக்கு 4 முதல் 6 நிமிடம், ஆக ஐந்து என்று எழுதிவிடுங்கள். நடுவரிடம் பேசும் உரிமை கேப்டனுக்கு மட்டும். ஆடும் துறையின் ஆசிரியரை அந்த ஆட்டத்துக்கு நடுவராகப் போடாதீர்கள். இன்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறது என்ற பேச்சு தானாக வரும்.

புகார் எழுத்தில், ஆட்டம் முடிந்து அரை மணிக்குள். அதுவும் ஆள் தகுதி பற்றி மட்டும்: அடையாள அட்டை இல்லாதவர், வேறு துறைக்காரர், படிப்பை முடித்துப் போனவர். பெனால்டியா இல்லையா என்பதெல்லாம் நடுவர் சொன்னதோடு முடிந்தது.

அரையிறுதி சமன் ஆனால்? நடுவில் இடி மின்னல் வந்தால்?
– அணி மேலாளர், அரூர்

கூடுதல் நேரம் வேண்டாம், நேராகப் பெனால்டி. விதிப்படி அணிக்கு ஐந்து உதை. ஏழு பேர் அணிக்கு மூன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். சமன் நீடித்தால் ஒவ்வொன்றாக. எல்லாரும் ஒரு முறை உதைத்த பிறகே யாரும் இரண்டாவது முறை உதைக்கலாம். ஒரு அணியில் ஆள் குறைந்திருந்தால் மற்ற அணியும் அதே எண்ணிக்கைக்குக் குறைக்க வேண்டும். சிவப்பு வாங்கிய அணிக்கு நல்ல உதைகாரன் சீக்கிரம் திரும்பி வந்துவிடக்கூடாது என்பதற்குத்தான் இது. உதைக்கும் நொடியில் கோல்கீப்பரின் ஒரு பாதமாவது கோட்டைத் தொட்டோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும்.

இடி காதில் விழுந்தாலே ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். பஸ் நேரத்தைப் பார்த்தால் அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். கைவிட்ட ஆட்டத்தை மறுபடி முழுசாக ஆட வேண்டும் என்பது பொது விதி, போட்டி விதியில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய. இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் கடந்திருந்தால் அப்போதைய கோல் கணக்கே முடிவு என்று எழுதி, எட்டு கேப்டன்களிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.