மின்கம்பியில் அடிபடும் பறவைகள்: எங்கே முறையிடுவது?

கேள்வி: புல்வெளிக்குக் குறுக்கே சூரிய மின்நிலையத்துக்கு உயர் அழுத்தக் கம்பி இழுத்திருக்கிறார்கள். பறவைகள் அடிபட்டுச் சாகின்றன. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

பதில்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தீர்ப்பாயத்தின் அதிகாரப் பட்டியலில் இல்லை. அதை மட்டும் நம்பிய மனு நிற்காது. உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு போடுங்கள். வன நிலம் என்றால் கதை வேறு: 1980 வனச் சட்ட அனுமதி இல்லாததைத் தீர்ப்பாயத்திலேயே கேட்கலாம்.

கம்பி முழுவதையும் புதைக்கச் சொல்லாதீர்கள். கானமயில் என்ற அரிய புல்வெளிப் பறவைக்காக 2021-இல் ஏறத்தாழ 99,000 சதுர கி.மீ. பரப்புக்கு அப்படி உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமே, 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் விட்டது. எந்த இரு கோபுரங்களுக்கு இடையே அடிபடுகிறது, தேதி, படம், பிரேதப் பரிசோதனை அறிக்கை – இவற்றோடு அந்தத் துண்டுக்கு மட்டும், பறவைகளின் கண்ணில் கம்பி படும்படி அதில் மாட்டும் எச்சரிக்கைத் தகடு கேளுங்கள். செத்த பறவையை நீங்களே எடுக்காதீர்கள், வனத்துறையை வரவழையுங்கள்.