பாரிஸ் நகரின் சின்னத்தில் ஏன் ஒரு கப்பல்?

தம்பி, மகளின் பள்ளிக்கூட வாசலிலும் நகரசபைக் கடிதத்திலும் கப்பல் படம் இருப்பதைப் பார்த்து, "கடலே இல்லாத ஊருக்கு எதற்குக் கப்பல்? கடற்படைச் சின்னமா?" என்று கேட்டிருந்தீர்கள். கடற்படைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சேன் ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கிய வணிகர்களின் சின்னம் அது.

இடைக்காலத்தில் பாரிஸுக்கு வேண்டிய வைன், உப்பு, தானியம், விறகு எல்லாம் பெரும்பாலும் ஆற்று வழியாகத்தான் வந்தன. அந்தப் போக்குவரத்து 'நீர் வணிகர்' சங்கத்தின் பிடியில் இருந்தது. வெளியூர்க்காரர் சரக்கு கொண்டுவந்தால் பாரிஸ் வணிகர் ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்தே ஆகவேண்டும். 1210ஆம் ஆண்டைச் சேர்ந்த அவர்களுடைய முத்திரையில் ஒரு படகு இருக்கிறது. பிற்பாடு வணிகர் தலைவரே நகர நிர்வாகத்தின் தலைவராகவும் ஆனார்; அவர்களுடைய படகே ஊருக்கும் சின்னமாயிற்று. பிழைப்புக்காகத் துடுப்பும் கயிறும் பிடித்தவர்களின் அடையாளம் ஒரு தலைநகரத்தின் நெற்றியில் இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்த முறை பள்ளி வாசலில் காத்திருக்கும்போது கேடய வடிவிலான அந்தச் சின்னத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கல்லில் செதுக்கியதற்கு வண்ணம் இராது. ஆனால் கப்பலின் பின்னணியில் செங்குத்துக் கோடுகள் இருந்தால் அது சிவப்பு, மேற்பகுதியில் கிடைக்கோடுகள் இருந்தால் அது நீலம் என்று பொருள். சிற்பிகளின் வழக்கம் அப்படி. நீலத்தில் தெரியும் பொன் லில்லிப் பூக்கள் பிரெஞ்சு மன்னர்களுடையவை. உச்சியில் கோட்டைக் கோபுரங்கள் போன்ற கிரீடம் இருக்கும்.

பூக்கள்தான் ஆட்சிக்கு ஆட்சி அடிபட்டன. புரட்சிக் காலத்தில், 1790இல், இத்தகைய சின்னங்களையே ஒழித்தார்கள். 1811இல் நெப்போலியன் திருப்பிக் கொடுத்தபோது லில்லிக்குப் பதிலாகத் தேனீக்கள் வந்தன. மன்னராட்சி மீண்டதும் 1817இல் லில்லியும் மீண்டது. கப்பலை மட்டும் நெப்போலியனும் எடுக்கவில்லை, மன்னரும் எடுக்கவில்லை.

கீழே உள்ள லத்தீன் வாசகம் 'ஃப்ளுக்துவாத் நெக் மெர்கிதூர்': அலைக்கழிந்தாலும் மூழ்காது. பழைய வாசகம்தான், 1853இல் பாரிஸை நிர்வகித்த அரசு அதிகாரி ஒஸ்மான் அதை அதிகாரபூர்வமாக்கினார். 2015 நவம்பர் 13இல் பாரிஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு ரிபப்ளிக் சதுக்கத்தில் அதையே பெரிய எழுத்தில் எழுதினார்கள். அதுவரை அதைக் கவனிக்காதவர்கள்கூட அன்று நின்று வாசித்தார்கள். சில சின்னங்களில் பதக்கங்களும் தொங்கும். அவற்றில் ஒன்று, நாஜிகளிடமிருந்து மீண்டதற்காக 1945இல் கிடைத்த விடுதலைப் பதக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு நகரசபை மண்டபத்துக்குப் போய் வாருங்கள். ஆற்றுப் பக்கத் தோட்டத்தில் குதிரைமேல் இருப்பவர் எத்தியென் மார்செல். அரசை எதிர்த்து நின்று 1358இல் கொல்லப்பட்ட வணிகர் தலைவர். கார் து நோர் ரயில் நிலையத்தில் 4ஆம் இலக்க மெத்ரோவில் ஏறி ஷாத்தலேயில் இறங்கினால் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். வழியில் அவர் பெயரிலேயே ஒரு நிலையமும் வரும்.